சொல்லிவிட்டுப் போகச் சொன்னவர்

அந்த டீச்சரை எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்த எங்கள் ஊருக்கு எழுபதுகளின் கடைசியில் ஒரு பால்வாடி வந்தது. அதை நடத்த அவர் வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே பாதி ஊர் அவரைத் திட்டிக்கொண்டிருந்தது. நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் ஊரில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை, நானும் இப்போது புதிதாகச் சொல்லப்போவதில்லை. டீச்சர்தான். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். பேச்சில் எங்கள் ஊர் இழுவை கிடையாது. நாங்கள் சொல்லுக்குச் சொல் ஒரு 'ங்க' போட்டு ஆற அமரப் பேசி முடிப்பதற்குள், அவர் கேட்க வேண்டியதைக் கேட்டு, பதிலையும் பிடுங்கிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் நிற்பார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். காபி கொடுத்தால் நின்றுகொண்டே ஊதி ஊதிக் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு ஓடுவார். முந்தானையில் எப்போதும் கோணி தைக்கிற ஊசி ஒன்று குத்தியிருக்கும். அவரோடு பேசிக்கொண்டிருந்தால் நமக்கே ஏதோ வேலை பாக்கி கிடப்பது போல ஒரு பதற்றம் வந்துவிடும்.

அவருக்கு இருந்தது ஒரே கிறுக்கு. பிள்ளைகளுக்கு என்ன நடக்கப்போகிறதோ, அதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். நல்லதோ கெட்டதோ, எதுவும் ஒரு குழந்தையின் தலையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து விழக்கூடாது. இதற்காகத்தான் அவர் படப்புத்தகம் செய்தார்.

பால்வாடிக்கு மேலிடத்திலிருந்து சில படங்கள் வந்திருந்தன. ஆப்பிள், கப்பல், வரிக்குதிரை. அவற்றைச் சுவரில் ஒட்டிவிட்டு அவர் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது.

"வரிக்குதிரை வந்து நிக்கப்போவுதாங்க இந்த ஊர்ல? ஊசி போடறவங்க வரப்போறாங்க. தம்பிப் பாப்பா பொறக்கப்போவுது. காது குத்தப் போறாங்க. அதுக்கெல்லாம் படம் எங்க இருக்கு?"

எங்கேயும் இல்லை என்பதால் அவரே வரைந்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், ஜவுளிக்கடை அட்டைப்பெட்டி, கோணி தைக்கிற சணல், இவைதான் புத்தகம். வண்ணம் வாங்கப் போகவில்லை. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் பெயிண்டரைப் பிடித்து, டப்பாவின் அடியில் தங்கியதை எல்லாம் வழித்துக்கொண்டு வந்துவிடுவார். அதனால் அவர் புத்தகத்தில் மரம் எல்லாம் லாரிப் பச்சை, சேலை எல்லாம் லாரிச் சிவப்பு. தோலின் நிறத்துக்குப் பட்டறையில் ஏது பெயிண்ட்? பம்பருக்கு அடிக்கிற மஞ்சளைத்தான் பிள்ளைகளின் முகத்துக்கும் பூசினார். எல்லாப் பிள்ளைக்கும் மஞ்சள் முகம். சித்திரை வெயிலில் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். பிய்த்துப் பார்த்தால் அம்மாவின் மூக்கு அப்பாவின் வயிற்றில் இருக்கும். என் மகள் அந்தப் புத்தகங்களை முகர்ந்து முகர்ந்து பார்ப்பாள். அவளுக்கு அது லாரி வாசனை, அதாவது அவளுடைய அப்பா வாசனை.

ஊசிப் புத்தகம்தான் முதலில் வந்தது. நாங்கள் எல்லோரும் பிள்ளைகளை ஊசி போட எப்படி அழைத்துப்போவோம் என்று உங்களுக்கும் தெரியும். மிட்டாய் தருகிறார்கள் சாமி, வா என்போம். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் அப்படித்தான் நாங்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றோம். இவர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையின் முன்னால் வந்து நின்றார். முதல் பக்கத்தில் மஞ்சள் முகப் பையன் சட்டையைத் தூக்குகிறான். அடுத்த பக்கத்தில் ஊசி. அதற்கடுத்த பக்கத்தில் வாய் முழுக்கத் திறந்து அழுகிறான்.

"வலிக்கும்," என்றார் டீச்சர், குரலைத் தாழ்த்தாமல். "எறும்பு கடிச்ச மாதிரின்னு சொல்லுவாங்க. அதைவிட ஜாஸ்தி வலிக்கும். அழுவலாம். அழுதுட்டு என்கிட்ட வாங்க, சத்துமாவு உருண்டை வெச்சிருக்கேன்."

அவ்வளவுதான். பாதிப் பிள்ளைகள் இடுப்பிலிருந்து நழுவிச் சோளக்காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். நர்ஸம்மா கையில் பஞ்சோடு வெளியே வந்து கத்தின கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. சோளத்தட்டுக்குள் புகுந்து பிள்ளைகளைப் பிடிப்பதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அடுத்த முறை ஒரு பிள்ளையும் ஓடவில்லை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அடுத்த முறையும் ஓடினார்கள். ஆனால் ஓடாமல் நின்ற சில பிள்ளைகள் தாமாகவே கையை நீட்டினார்கள். அதையும் பார்த்தேன்.

அதைவிடப் பெரிய கூத்து ஆட்டுக்குட்டிப் புத்தகத்தால் வந்தது. எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பிக்கு வீட்டுக்கு வீடு கிடாய் வெட்டுவார்கள். வெட்டப்போகிற கிடாயை வளர்ப்பது வீட்டுப் பிள்ளைதான். தழை ஒடித்துப் போட்டு, பெயர் வைத்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கி வளர்க்கும். நோம்பியன்று அதைக் காணோம் என்றால், சந்தைக்குப் போயிருக்கிறது சாமி என்பார்கள். சட்டியில் கொதிப்பது என்ன என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் யாரும் சொல்வதில்லை. டீச்சர் சொன்னார். படம் படமாகப் போட்டார். குட்டி, தழை, பம்பை மேளம், கத்தி, சட்டி. கடைசிப் பக்கத்தில் ஒரு முளைக்குச்சியும் அதில் கட்டிய வெறும் கயிறும்.

எங்களுக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் வீட்டுப் பையன் அதைப் பார்த்துவிட்டுப் போய் அப்பனிடம் கேட்டிருக்கிறான், "அப்பா, எப்ப வெட்டுவீங்க? சொல்லீருங்க, முன்னாலயே கொஞ்சிக்கறேன்" என்று. அவருக்குச் சோறு இறங்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பால்வாடிக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், பால் குடி மறந்து ரெண்டு வருசம் ஆகல, அந்தப் புள்ளைக்குப் போயி இதையெல்லாமா படம் போட்டுக் காட்டறது?"

"நீங்க வெட்டலாம், நான் வரையக் கூடாதாங்க?"

அவர் துண்டை மறுபடி உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அந்த வருஷம் வேறு கிடாய் வாங்கி வெட்டினார். அடுத்த வருஷம் அதே கிடாயைத்தான் வெட்டினார். வெட்டுகிற நாளைப் பையனிடம் சொல்லிவிட்டு வெட்டினார். பையன் கறி தின்றானா என்று கேட்காதீர்கள். முதல் பந்தியில் உட்கார்ந்து தின்றான். அன்று சாயங்காலம் முளைக்குச்சியைக் கட்டிக்கொண்டு அழுதான். இரண்டையும் செய்தான்.

ஏன் இவருக்கு இப்படி ஒரு வெறி என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒருநாள் ஊசியில் சணல் கோத்துக்கொண்டிருக்கும்போது கேட்டே விட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சின்னப் புள்ளையில, தேர் பாக்கப் போலாம்னு புதுப் பாவாடை போட்டுக் கூட்டிட்டுப் போனாங்க. அத்தை வூட்டுல வுட்டுட்டு வந்துட்டாங்க. வூட்ல கஷ்டம், ஆளாளுக்கு ஒரு புள்ளைன்னு பிரிச்சு வுட்டாங்க. அது தப்புன்னு சொல்லல. எனக்குச் சொல்லல பாருங்க. பாவாடையைக் கழட்டவே மாட்டேன்னுட்டேன். கழட்டிட்டா தேருக்குக் கூட்டிட்டுப் போவ மாட்டாங்கன்னு. அது நாறிக் கிழிஞ்சு போற வரைக்கும் போட்டுக்கிட்டே இருந்தேன்."

சொல்லிவிட்டு எழுந்து, கொடியில் காய்ந்த பிள்ளைகளின் ஜட்டியை எல்லாம் மடிக்கப் போய்விட்டார். நான் ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்தேன். அதற்கும் அவர் நிற்கவில்லை.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் கணவர் ரிக்கு வண்டியில் வேலை பார்த்தார். ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரியைத்தான் அப்படிச் சொல்வோம். எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப் பேர் இந்த வேலையில்தான் இருந்தார்கள். வடக்கே மழை ஓய்ந்து, இங்கே ஆயுத பூசை போட்டதும் வண்டி அந்தப் பக்கம் போகும். ஆந்திரா, அதற்கும் மேலே, எனக்குப் பெயர் வாயில் நுழையாத ஊர்கள். மறுபடி மழை பிடித்தால்தான் திரும்பும். நடுவில் எப்போதாவது ஒரு கடுதாசி, அதுவும் நாலு வரி.

வண்டி கிளம்புவதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. கிளம்புகிறவனை அழுது அனுப்பக் கூடாது. படி இறங்கிவிட்டால் பின்னாலிருந்து கூப்பிடவே கூடாது. கூப்பிட்டு, போன இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால் கூப்பிட்டவள் தலையில்தான் விடியும். பெரியவர்கள் அடக்கிக்கொள்வார்கள், பிள்ளைகள் அடக்குமா? அதனால் வண்டிக்குப் பூசை நடக்கிற நேரத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். கன்னுக்குட்டி பார்க்கலாம் வா என்று தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போனால், திரும்பி வரும்போது அப்பன் இருக்க மாட்டான். ஊர் முழுக்க இப்படித்தான். நானும் என் மகளை ஒவ்வொரு தடவையும் கன்னுக்குட்டி பார்க்கத்தான் கூட்டிப்போனேன்.

நாலு வயது நடக்கும்போது அவளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. அந்த வருஷம் அவர் மழைக்கு வீடு வந்ததும், அவரை ஒரு நிமிஷம் விட மாட்டேன் என்று ஆரம்பித்தாள். அவர் குளித்தால் ஓலைத் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு "அப்பா, இருக்கியா? அப்பா, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவர் தூங்கினால் லுங்கி நுனியைத் தன் பாவாடை நாடாவோடு முடிந்துகொள்வாள். சோறு தின்னவில்லை. பால்வாடிக்குப் போகவில்லை. கன்னுக்குட்டியைக் கண்டாலே அலறினாள். ஆயுத பூசை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை ஏமாற்றிவிட்டுப் போனால் இந்தப் பிள்ளை மறுபடி யாரையும் நம்பாது என்று எனக்கே தெரிந்தது.

டீச்சர் பிள்ளையைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நிலவரத்தைச் சொன்னேன். கேட்டு முடிப்பதற்குள் ஊசியை எடுத்துவிட்டார்.

"பாப்பாம்மா, அவரு கெளம்பற அன்னைக்கு என்னென்ன செய்வாருன்னு வரிசையா சொல்லுங்க. வண்டியில எந்தப் பக்கமா ஏறுவாரு? ஏறினதும் கையை ஆட்டுவாரா?"

பூசை நடக்கும்போது நான் பிள்ளையோடு தோட்டத்தில் இருப்பேன். பிள்ளை பிறப்பதற்கு முன்னால், அழுதுவிடுவேனோ என்று அடுப்படியிலேயே இருந்துகொள்வேன். திரும்பி வரும்போது வாசலில் நசுங்கிய எலுமிச்சம்பழமும் உடைந்த பூசணிக்காயும் கிடக்கும். கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரர் வண்டி ஏறிப் போனதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பிள்ளையை ஏமாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த நான், கூடவே என்னையும் கன்னுக்குட்டி பார்க்கக் கூட்டிப்போயிருக்கிறேன்.

"தெரியாதுங்க," என்றேன். அவர் என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். ஊசியை முந்தானையில் குத்திக்கொண்டு போனார்.

தன் யோசனைக்கே வரைந்து எடுத்துக்கொண்டு வந்தார். மஞ்சள் முக அப்பா முகம் சவரம் செய்கிறார். பையில் துணி வைக்கிறார். வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். வண்டி போகிறது. மஞ்சள் முகப் பெண் அழுகிறாள். இன்னும் அழுகிறாள். சோறு தின்கிறாள். அந்தப் பெண்ணுக்கு என் மகளுடைய இரட்டைச் சடையே போட்டிருந்தார்.

எங்கள் வீட்டில் மூத்தவர் என் நங்கையாள், அதாவது என் கணவரின் அக்கா. கணவரை இழந்து எங்களோடு இருந்தார். வீட்டுச் சாவி அவர் இடுப்பில்தான். அவர் புத்தகத்தைப் பார்த்ததும் கையில் நெருப்புப் பட்டது போல உதறினார்.

"அடி ஆத்தா! எந்தம்பி போறதையும் புள்ளை அழுகறதையும் படமாப் போட்டு ஊட்டுக்குள்ள வெக்கறதா? ஏம்மா டீச்சரு, போறத வரைஞ்சியல்லோ, வாறத ஏன் வரையில? வாறாப்பல ஒண்ணு போட்டுக் குடு."

"அவரு என்னைக்கு வருவாருன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?"

"அதெப்படித் தெரியும்? மழை புடிச்சா வந்துருவான்."

"அப்ப மழையை வரையறேன். மழை வரும்னு எனக்குத் தெரியும்."

அப்படியே செய்தார். கடைசிப் பக்கம் முழுக்க மழை. வெறும் வாசல், அதில் மழை. நங்கையாள் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் கோபம்தான். ஒரு ஆளை அந்த மழையில் நனைய விட்டால் இவர் கை என்ன தேய்ந்தா போய்விடும் என்று இருந்தது. வாயைவிட்டே கேட்டேன். "வர்றேன்னு நான் சொல்லிட்டு, அவரு வரலைன்னா, இந்தப் புஸ்தகம் பூராவும் பொய்யாயிடும் பாப்பாம்மா," என்றார். என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஒருத்தி 'வரலைன்னா' என்கிறாள். அன்று அவரை அடித்துத் துரத்தியிருப்பேன். அந்த மூச்சிலேயே அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டதால் தப்பித்தார்.

என் மகள்தான் புத்தகத்தைக் கொண்டுபோய் அவள் அப்பாவின் மடியில் வைத்தாள். அவர் புரட்டினார். முகம் கறுத்தது. திட்டப்போகிறார் என்று நான் கதவோரம் ஒதுங்கினேன். அவர் வண்டிப் படத்தில் விரலை வைத்து, "இதாரு வரைஞ்சது, கூறு கெட்ட ஆளு? மாஸ்ட்ட நிமுத்தி வெச்சுட்டு எவனாச்சும் வண்டி ஓட்டுவானா? கரண்டுக் கம்பியில மாட்டிச் செத்துப்போவான்," என்றார். துளை போடுகிற அந்த நெடிய கம்பத்தை, வண்டி ஓடும்போது படுக்கவைத்துத்தான் கொண்டுபோவார்கள். டீச்சருக்கு அது தெரியாது.

அந்தத் தப்பைத் திருத்தியே ஆகவேண்டும் என்று என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு பால்வாடிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். டீச்சர் பெயிண்ட் டப்பாவோடு நின்றார். இவர் மாஸ்ட்டைப் படுக்கவைத்தார். சவரத்தை நீக்கச் சொன்னார், கிளம்புகிற அன்று சவரம் செய்ய மாட்டாராம். டீச்சர் விடவில்லை. அப்புறம், அப்புறம் என்று துளைத்தார்.

"அப்பறம் என்னங்க, இடது பக்கம் ஏறுவேன். வேலமரத்து முக்கு வந்ததும் ஒருக்கா திரும்பிப் பாப்பேன்."

"பாத்தா?"

"ஆரும் நிக்க மாட்டாங்க."

டப்பாவைப் பார்த்துக்கொண்டு இதை அவர் சொன்னார். டீச்சர் தூரிகையைப் பெயிண்டில் தொட்டு, முக்கில் ஒரு மரத்தை வரைந்தார். பிறகு பிள்ளையிடம், "பாப்பா, அப்பா போவாரு. உன் முன்னாலதான் போவாரு. சொல்லிட்டுத்தான் போவாரு," என்றார். பிறகு அவரைப் பார்த்தார். அந்தப் பார்வை கேள்வி அல்ல, கட்டளை. அவர் தலையாட்டினார். அன்று இரவு என் மகள் லுங்கியை முடிந்துகொள்ளாமல் தூங்கினாள்.

டீச்சர் எங்கள் ஊரில் இருந்தது சில வருஷங்கள்தான். பிறகு சேந்தமங்கலத்துக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் எங்கோ மாற்றிவிட்டார்கள். போகும்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு போனார். எங்களில் பலரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே தோன்றாது. ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

வண்டி கிளம்பிய நாள் காலை. மாரியம்மன் கோயில் எங்கள் வீட்டுக்கு எதிரில்தான். ரிக்கு வண்டியும் கம்ப்ரசர் வண்டியும் மாலை போட்டுக்கொண்டு நின்றன. ஊர்ப் பெண்கள் வழக்கம் போலப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் என் மகளும் மட்டும் வாசலிலேயே நின்றோம். கோயில் சுவரோரமாக டீச்சர், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தார். நங்கையாள் திண்ணை ஓரமாக நின்றார். பிள்ளை ஒரு சத்தம் போட்டால் என்னைக் கொன்றுவிடுவார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

என் மகள் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அவள்தான் வண்டியைக் கிளப்புகிறவள் போல இருந்தாள். "இப்ப பூசணிக்கா," என்றாள். உடைத்தார்கள். "இப்ப எலுமிச்சம்பழம்." வைத்தார்கள். என் வீட்டுக்காரர் வந்து அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "சாமி, அப்பா போயிட்டு வாரேன்." அவள் உதடு கோணியது. கண் நிரம்பியது. "செரி," என்றாள். அழுதாள், ஆனால் விட்டாள். அவர் எழுந்து, என்னை நிமிர்ந்து பார்க்க முடியாமல், அக்காவின் காலைத் தொட்டுவிட்டு இடது பக்கமாக ஏறினார். அவர் ஏறுவதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வண்டி நகர்ந்தது. என் மகள் அழுகிற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். எல்லாம் டீச்சர் போட்டபடிதான் நடந்தது. வேலமரத்து முக்கில் வண்டி மெதுவானது. அவர் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தார். நாங்கள் நிற்பதைப் பார்த்தார். பார்த்ததும் அந்த முகம் மாறியது. அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"ஏனுங்க!"

யார் கத்தியது என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. நான்தான். முடி அவிழ, செருப்பில்லாமல், நடுத்தெருவுக்கு ஓடியிருக்கிறேன். "ஏனுங்க! ஏனுங்க!" என்று பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே ஓடியிருக்கிறேன். நங்கையாள் வாயில் அடித்துக்கொண்டார். வண்டி நின்றுவிட்டது. பூசாரி கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றார். வண்டியிலிருந்து என் வீட்டுக்காரர் குதித்து இறங்கி ஓடி வந்தார்.

"என்ன? என்னாச்சு?"

அழுதேன், அவ்வளவுதான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் முன்னாலேயே யோசித்து வைக்கிற அந்தப் பெண், வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இது அவருக்கும் தோன்றவில்லை.

என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களுக்கு நடுவில் வந்தாள்.

"அம்மாளுக்கு ஆரும் புஸ்தகம் போட்டுக் குடுக்கலப்பா," என்றாள். "அதான்."

யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, தண்ணி குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும் என்பது முறை. அவர் வந்தார். நங்கையாள் முணுமுணுத்துக்கொண்டே தண்ணி கொடுத்தார். குடித்தார். சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "போயிட்டு வாரேன்," என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் சொல்லிவிட்டுப் போனது அன்றுதான்.

மறுபடி வண்டி நகரும்போது டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரலில், அதே வேகத்தில், வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இப்ப போயிடுவாரு. வயிறு காலியான மாதிரி இருக்கும். சாயங்காலம் விளக்கு வெக்கும்போது ஜாஸ்தியா இருக்கும். இன்னைக்குச் சோறு எறங்காது. நாளைக்குக் கொஞ்சம் எறங்கும்."

"வந்துருவாருங்களா?" என்றேன். தெரிந்தே கேட்டேன்.

"தெரியாது பாப்பாம்மா," என்றார். கையை மட்டும் விடவில்லை. அவர் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்று நான் பார்த்ததில்லை. வண்டி மறைந்து, புழுதி அடங்கி, தோட்டத்துக்குப் போன பெண்கள் பிள்ளைகளோடு திரும்பி வரும்வரை நின்றார்.

அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் கொஞ்சம் இறங்கியது.